யாரும் உட்காராத பின்சீட்டு

என் முதுகுக்குக் கீழே ஒரு கோணிச் சாக்கு. முகத்துக்கு ஒரு முழ உயரத்தில் ஒரு சின்ன காரின் அடிவயிறு. கையில் டார்ச். பக்கத்துக் கொட்டகையிலிருந்து சாணி வாசனை, அதற்கு மேல் கிரீஸ் வாசனை, அதற்கும் மேல், எங்கிருந்தோ, வெல்ல வாசனை.

"இன்னா சார் இது, வண்டி வாங்க வந்தீங்களா, பிரசவம் பாக்க வந்தீங்களா?" என்று வெளியே ஒரு குரல் சிரித்தது.

அது லூர்துசாமியின் குரல். காருக்குச் சொந்தக்காரர். நைனார்பாளையத்தில் கரும்பு நிலமும் சாலையோரத்தில் வெல்ல மண்டியும் வைத்திருப்பவர். எங்கள் தேவாலயப் பங்கின் பேரவை உறுப்பினர். தேர் கிளம்பும்போது பங்குச் சாமியாருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்.

"எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட மாமா இவ்ளோ நேரம் பாக்கல," என்றான் சவரிமுத்து. என் மனைவியின் தம்பி. துணைக்கு வந்தவன், கொய்யா தின்றுகொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

இருவரும் சிரித்தார்கள். காருக்கு அடியில் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது.

விருத்தாசலத்து வாசகர் ஒருவர், "உங்கள் தொடரில் வரவர கோபம் ஜாஸ்தி. கொஞ்சம் ஆறவிட்டு எழுதுங்கள்" என்று எழுதியிருக்கிறார். ஆறவிட்டுத்தான் எழுதுகிறேன் ஐயா. இது நடந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆறவில்லை.

எதற்காகக் கார்

சென்ற வாரம் என் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்வராயன் மலையில் கிராமச் செவிலியர் வேலை கிடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். மலை என்றால் கச்சிராயபாளையம் தாண்டி ஏறி, வெள்ளிமலைக்கும் அப்பால், ஒரு வளைவுக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னச் சின்ன ஊர்கள். பேருந்து ஒரு சில ஊர்களுக்குப் போகும். மற்ற ஊர்களுக்குக் கால்தான் போகும்.

முதல் வருடம் ஸ்கூட்டரில் போனாள். ஒரு நாள் வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"பின்னாடி ஒரு புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு அந்த வளைவுல எறங்குறேன்பா. அவ என் இடுப்பப் புடிச்சிருக்கா. வலி வரச்சொல்ல எல்லாம் கையி இறுகுது. ஸ்கூட்டர் ஆடுது. ஆம்புலன்ஸ் வரும், வராமலும் போவும். எனக்கு ஒரு கார் வேணும். பழசா இருந்தாலும் பரவால்ல."

அவள் கேட்டது சொகுசு அல்ல. மலையில் ஒரு பெண் படுத்த நிலையில் கீழே வருவதற்கு ஒரு இடம். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரம்.

தேதி பார்க்கிற கண்

நான் வேலை பார்த்தது கரும்பு ஆலையின் டைம் ஆபீசில். ஆள் எப்போது உள்ளே வந்தான், எப்போது வெளியே போனான் என்பதே என் உலகம். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் தேதி பார்க்கிறவன் நான். கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் கல்லில் உள்ள பெயரை விட்டுவிட்டு ஆண்டுகளைக் கழித்துப் பார்ப்பேன். இந்தத் தொடரில் மட்டும் தேதி போட வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் கையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கார் என்பது தேதிகளின் மூட்டை. பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அது செய்த வருடம் பொடி எழுத்தில் இருக்கும். ஆறு கண்ணாடியில் ஒன்று மட்டும் வயதில் சின்னதாக இருந்தால் அந்தப் பக்கம் எங்கேயோ இடித்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருடம் என்று. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால் அடியில் ஒரு துணிச் சீட்டு, அதிலும் தேதி. அந்தப் பெல்ட்டிலேயே சேற்றுக் கோடு தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது.

லூர்துசாமியின் வண்டியில் ஆறு கண்ணாடியும் ஒரே வயது. பெல்ட்டில் கோடு இல்லை. துணி சுற்றிய காந்தத்தைக் கதவெல்லாம் ஒட்டிப் பார்த்தேன். எங்கும் வழுக்கவில்லை, பட்டி பார்த்த இடம் இல்லை. பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட காயம் இல்லை. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போலப் படிந்திருக்கவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் புகை இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் போட்டேன். முன்சக்கரத்திலிருந்து டக் டக் சத்தம் வரவில்லை. கிளட்ச் புதிது. பிரேக் கட்டை புதிது.

"இன்னா மாமா, ஒண்ணும் கெடைக்கலியா? மூஞ்சி தொங்கிப் போச்சி," என்றான் சவரி.

உண்மைதான். குறை கிடைக்காதது எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

நாம் எதைப் பார்க்கிறோம்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பல வருடமாகக் கவனித்திருக்கிறேன். முதலில் நம்பரைக் கூட்டுவார்கள். எட்டு வந்தால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். எஞ்சின் தங்கமாக இருந்தாலும் சரி. அடுத்தது நிறம். அடுத்தது, பின்கண்ணாடியில் எந்தச் சாமி ஒட்டியிருக்கிறது என்பது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்போம். பிறகு சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும், யாரும் பார்க்காதபோது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம்.

விற்கிறவர்களுக்கும் தனி பாஷை. "டாக்டர் வண்டி." "லேடீஸ் ஓட்டுனது." இந்த ஜில்லாவில் விற்பனைக்கு வருகிற கார்களை எல்லாம் டாக்டர்கள் ஓட்டியிருந்தால், ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

என் அப்பா மாட்டுச் சந்தைக்குப் போனால் சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார். அந்த மாடு இதுவரை யாரிடம், என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. விற்கிறவன் உறவுக்காரனாகவோ நம் கோயிலுக்கு வருகிறவனாகவோ இருந்தால் கேட்கவே கூடாது. பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படலாம்; ஆளைச் சந்தேகப்படக் கூடாது. அப்படித்தான் வளர்ந்தோம்.

இதைப் பண்பாடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறு வார்த்தை வாயில் வருகிறது. பத்திரிகையில் போட மாட்டார்கள்.

ஒரு பொய்யும் சொல்லாத மனிதர்

மறுபடி நைனார்பாளையம்.

நான் சாக்கிலிருந்து எழுந்து தூசி தட்டினேன். பின்பக்கம் லேசாகத் தூக்கலாக நின்றது வண்டி.

"பின்னாடி ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்களா?"

"ஆமாங்க. ஸ்ட்ராங்கா போட்டேன். நம்ம ரோடு தெரியுமே உங்களுக்கு."

டயர் தேதி பார்த்தேன். முன்டயர் இரண்டும் வண்டியோடு வந்தவை. பின்டயர் இரண்டும் நேற்றுப் பிறந்தவை. இந்த மாதிரிச் சின்னக் கார்களில் எஞ்சின் இழுப்பது முன்சக்கரத்தை. திருப்புவதும் முன்சக்கரம். பிரேக் போட்டால் பாரம் விழுவதும் அங்கேதான். ஆகவே தேய வேண்டியது முன்டயர். இங்கே தேய்ந்து மாற்றப்பட்டிருந்தது பின்டயர். இதை நான் பார்த்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

"புதுசு வாங்குனா பின்னாடி போடுறதுதாங்க சேஃப்டி," என்றார் லூர்துசாமி.

அது சரியான பேச்சு. டயர் கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். விவரம் தெரிந்த மனிதர் என்று மனதுக்குள் மெச்சினேன்.

பின்கதவைத் திறந்தேன். பின்சீட்டு கடையிலிருந்து இறங்கினது போல இருந்தது. சுருக்கம் இல்லை, அமுங்கல் இல்லை, ஒரு குழந்தை சாக்லேட் தேய்த்த தடம்கூட இல்லை.

"பின்னாடி ஆளே ஏத்துறது இல்லிங்க," என்றார்.

கால்மிதியைத் தூக்கினேன். எறும்பு. வரிசையாக, அவசரம் இல்லாமல், சீட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"வெல்ல மண்டிக்காரன் வண்டி சார். எங்க வூட்டுல எதுலதான் எறும்பு இல்ல? எம் பொண்டாட்டி புடவைலயே இருக்கும்!"

சவரி விழுந்து விழுந்து சிரித்தான்.

"வண்டி எதுக்கு அதிகமா ஓடுச்சிங்க?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "அப்பப்போ மலைக்குப் போவும், யாவாரத்துக்கு," என்று அவரே சொன்னார். கடுக்காய், சாமை வாங்கப் போவாராம். மலையேறிப் பழகிய வண்டி என் மகளுக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நினைத்து நினைத்துச் சரிபார்த்துவிட்டேன். அந்தக் காலை முழுவதும் லூர்துசாமி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஸ்பிரிங், டயர், சீட்டு, எறும்பு, மலை. எல்லாமே நிஜம். என் கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். பொய் சொன்னவனைச் சட்டையைப் பிடிக்கலாம். இவரை எதைப் பிடிப்பது?

அது தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். லூர்துசாமி எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்.

கதவு சாத்திய ஊர்

ஸ்டெல்லா வண்டியில் மலையேற ஆரம்பித்தாள். அடிவாரச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்கள் முதல் நாளே நிறுத்தினார்களாம். டிக்கியைத் திறக்கச் சொல்லித் தரையைத் தட்டிப் பார்த்தார்களாம். அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்து, "நர்சம்மாவா? இந்த வண்டி எப்ப உங்ககிட்ட வந்துச்சி?" என்று கேட்டு அனுப்பினார்களாம். எல்லா வண்டியையும் அப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். மறுநாளும் நிறுத்தினார்கள். அதற்கு மறுநாளும்.

மேலே அதைவிட மோசம். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ஓடிவந்த பிள்ளைகள் கார் சத்தம் கேட்டால் ஓடி ஒளிந்தார்கள். ஒரு ஊரில் பொடியன் ஒருவன் பாறைமேல் நின்று, "வெல்லக் காரு வருதுடோய்!" என்று கத்தினானாம். பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் கண்ணாடி வழியாகக் குனிந்து, "மூட்ட எத்தினி?" என்றாராம். உள்ளே ஸ்டெல்லாவைப் பார்த்ததும் டம்ளர் கழுவப் போய்விட்டாராம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது அவள் என்னிடம் சொல்லவில்லை. அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி, மனசு கஷ்டப்படும் என்று. ஊருக்கு ஒரு வளைவு முன்னாலேயே காரை நிறுத்திவிட்டு, ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போயிருக்கிறாள். கார் வாங்கிய பிறகு என் மகள் முன்னைவிட அதிகம் நடந்தாள்.

காத்தாயி

ஐப்பசி மழை. ஒரு நாள் நானும் அவளோடு போனேன். மலையைப் பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை.

ஊருக்கு முந்தின வளைவில் நிறுத்தினாள். "ஏன், ரோடு நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "நடக்கலாம்பா, ஒடம்புக்கு நல்லது," என்றாள். பாறையில் காயப்போட்டிருந்த கடுக்காயைச் சாரலுக்குப் பயந்து இரண்டு பெண்கள் வாரிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில் பூங்கொடி என்ற பெண். நிறைமாதம். மாமியார் காத்தாயியோடு இருந்தாள். ஸ்டெல்லா பிரஷர் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். காலை அமுக்கினாள், அமுக்கின குழி அப்படியே நின்றது.

"தல வலிக்குதா?"

"காத்தாலருந்து. கண்ணுகூடப் பூச்சி பறக்குறாப்புல இருக்குது."

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அது மலையின் மறுகோடியில் வேறொரு பெண்ணை ஏற்றப் போயிருந்தது. "நான் போய்க் காரை எடுத்துக்கினு வரேன். இப்பவே கீழ போயாவணும்," என்று ஓடினாள்.

கார் வாசலுக்கு வந்தது. காத்தாயி பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு சேற்றிலேயே, காருக்கு எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, எழுந்திருங்க. நேரமில்ல."

"இது யார் வண்டி?"

"எங்க வண்டிம்மா. எங்கப்பா வாங்கிக் குடுத்தது. இதோ இவருதான்."

"இது வெல்லக்காரன் வண்டி. கலரு மாறல, நெம்பரு மாறல. நீ எப்ப மாறுன?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன்.

"இன்னா சொல்றீங்கம்மா?" என்றேன்.

காத்தாயி என் பக்கம் திரும்பவில்லை. காரிடமே பேசினாள்.

"மூட்ட மூட்டயா வெல்லத்த எறக்குவான். சாராயத்துக்கு ஊறல் போடு, காச்சிக் குடுன்னுவான். மாட்டேன்னா சாம வாங்க மாட்டான், கடுக்கா வாங்க மாட்டான். வேற எவனயும் வாங்க உடமாட்டான். காச்சுனத டியூப்புல கட்டிக்கினு இதே வண்டில எறக்குவான். தை மாசம் ஒரு நாளு வந்தான். மூட்டயப் போட்டான், திரும்புனான். அவன் போன தூசி அடங்கல, ஜீப்பு வந்துச்சி. எம் புள்ளய இழுத்துக்கினு போயி உள்ள போட்டாங்க. இவ வயித்துல இருக்கிறது அவனுக்குத் தெரியாது. வண்டிக்காரன் இன்னா ஆனான்? கழுத்துல செலுவய மாட்டிக்கினு சொகமா இருக்கான்."

போலீசுக்குத் தகவல் கொடுத்தது லூர்துசாமியா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். தெரிந்தது இது: தையில் அவள் மகன் அண்ணாமலை சிறைக்குப் போனான். தவக்காலத்தில் அவனைச் சிக்கவைத்த கார் தீர்த்தம் தெளிக்கப்பட்டு என் வாசலில் நின்றது. நடுவில் இருந்த வாரங்களில் ஒரு மனிதர் அதைக் கழுவித் துடைத்து, ஞாயிறு தவறாமல் பூசையும் கண்டிருக்கிறார்.

பாய்

நான் காரின் நம்பர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா அப்படி நிற்கவில்லை. பின்கதவைத் திறந்தாள். சீட்டுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்தாள்.

பின்சீட்டு சட்டி மூடிபோல் கழன்று வந்தது.

பிடித்து வைக்க ஒரு போல்ட்டு இல்லை. அடியில் தரை கறுத்து, பிசுபிசுவென்று, வெல்லப் பொருக்கு. எறும்பு. மூலையில் லாரி டியூப் துண்டு ஒன்று, கத்தியால் அறுத்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. சீட்டு ஏன் புதிது? அது வண்டியில் இருந்ததே இல்லை. அது நைனார்பாளையத்தில் ஏதோ அறையில் சுகமாகச் சாய்ந்திருக்க, அதன் இடத்தில் மூட்டை போனது. ஸ்பிரிங் மூட்டைக்காக. பின்டயர் தேய்ந்தது மூட்டையால். கிளட்ச் மலையேற்றத்தில் எரிந்தது. நான் நல்லது என்று குறித்த ஒவ்வொன்றும் அந்த வண்டி செய்த வேலையின் தழும்பு. தழும்பை ஆரோக்கியம் என்று படித்திருக்கிறேன்.

"பாருங்கம்மா," என்றாள் ஸ்டெல்லா. மூச்சு வாங்கியது. "உள்ள ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இதுல வந்திருக்க மாட்டேன். இவளக் கூட்டிக்கினு போறேன். அப்பறம் இந்த வண்டியக் கொளுத்தினாலும் நான் கேக்க மாட்டேன்."

காத்தாயி எழுந்திருக்கவில்லை. பேசியது பூங்கொடி. வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தெளிவாகச் சொன்னாள்:

"அத்த, எம் பாயக் கொண்டா. பாயில படுத்துக்கினு போறேன். அவன் சீட்டுல நான் ஒக்கார மாட்டேன்."

காத்தாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் ஒரு கோரைப் பாயோடு வந்தாள். தரையை முந்தானையால் துடைத்தாள். பாயை விரித்து மருமகளைப் படுக்கவைத்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டு தானும் உள்ளே மடங்கி உட்கார்ந்தாள்.

நான் சீட்டை ஓரமாகத் தள்ளினேன்.

"அத எங்க ஊருல போடாத," என்றாள் காத்தாயி உள்ளிருந்து. "குப்பமேட்டுலகூட வாணாம். கொண்டு போயி அவன் வூட்டுலயே போடு."

ஆட்டுக் கயிற்றால் அதைக் காரின் தலையில் கட்டினேன். ஸ்டெல்லா இறக்கினாள். மூட்டைக்காகப் போட்ட ஸ்பிரிங் அந்தப் பெண்ணை வளைவுகளில் அதிகம் சாய்க்காமல் இறக்கிக் கொடுத்தது. இதை எழுதும்போது எனக்கு வாய் கசக்கிறது. ஆனாலும் எழுதவேண்டியது.

அடிவாரத்தில் வழக்கம்போல் நிறுத்தினார்கள். காவலர் குனிந்து பின்னால் பார்த்தார். எதுவும் கேட்காமல் கம்பைத் தூக்கச் சொன்னார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அன்று மாலையே பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்ததை ஸ்டெல்லா கேட்க விரும்பவில்லை.

பூசைக்குப் பிறகு

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். கயிற்றை அவிழ்த்து, சீட்டை இறக்கி, படியிறங்கி வந்த லூர்துசாமியின் எதிரே வைத்தேன்.

"இன்னா சார் இது?"

"உங்க சீட்டு."

"வித்த பொருள எதுக்கு சார் கொண்டாந்து போடுறீங்க?"

"இதுல ஆளே ஏத்துனது இல்லன்னு சொன்னீங்க. இப்பவும் மலைல யாரும் ஒக்கார மாட்டேன்றாங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், நான் ஒரு பொய் சொன்னனா? பங்கு ஜனங்க முன்னாடி சொல்லுங்க. டயரு தேதி கேட்டீங்க, சொன்னேன். கண்ணாடித் தேதி பாத்தீங்க, காட்டுனேன். மலைக்குப் போவும்னுகூட நானே சொன்னேன். நீங்க கேக்காததுக்கு நான் இன்னா பண்றது?"

"பூங்கொடின்னு ஒரு பொண்ணு. தெரியுமா?"

"யாரு?"

"அண்ணாமலை பொண்டாட்டி."

அந்தப் பெயருக்கு அவர் கண் ஒரு முறை தாழ்ந்தது. அவ்வளவுதான்.

"கோயில் வாசல்ல வேணாம் சார், உடுங்க," என்று ஒருவர் என் தோளைப் பிடித்தார். பேரவைக்காரர்தான். என் காதருகே, ஆறுதல் சொல்கிற குரலில், அவர் சொன்னதை இங்கே அப்படியே தருகிறேன்:

"அது மலை வண்டின்னு ஊருக்கே தெரியுமே சார். தெரிஞ்சுதான் கம்மில முடிச்சிட்டீங்கன்னு நெனச்சோம்."

ஊருக்கே தெரியும். சாமியார் தீர்த்தம் தெளித்தபோது சுற்றி நின்று ஆமென் சொன்ன எல்லாருக்கும் தெரியும். என் மகள் அதை ஓட்டிக்கொண்டு மலையேறினதை வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெரியும். தேதி பார்க்கிற எனக்கு மட்டும் தெரியாது. சவரியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வேறு எங்கோ பார்த்தான்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. ஆறவிட்டு எழுதச் சொன்ன வாசகர் இதையும் கவனிக்க வேண்டும்.

இப்போது

காரை விற்றுவிடலாம் என்றேன். ஸ்டெல்லா மறுத்தாள். "நாம வித்தா வாங்குறவன் யாருன்னு நமக்குத் தெரியுமாப்பா? திரும்பவும் மூட்டையோட அது மலைக்கித்தான் வரும். நம்மகிட்டயே இருக்கட்டும்." உடைந்த வண்டி ஒன்றிலிருந்து வேறு பின்சீட்டு வாங்கி, போல்ட்டு போட்டு இறுக்கினேன். பழையது, கிழிந்தது, பலபேர் உட்கார்ந்தது. தேதி பார்க்கவில்லை.

அண்ணாமலை ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வழக்கு நடக்கிறது. அவன் வக்கீலிடம் போய், தை மாதம் அந்த வண்டி யார் பெயரில் இருந்தது, எந்த நாள் என் பெயருக்கு மாறியது என்று தேதி பிசகாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கூப்பிட்டால் கூண்டிலும் சொல்வேன். லூர்துசாமிக்கு இந்த வாரப் பத்திரிகை கடையில் கிடைக்கும். படிக்கட்டும்.

அவர் அந்தச் சீட்டைத் தூக்கி எறியவில்லை. திருவிழா வரி வாங்கப் போனபோது பார்த்தேன். கட்டைக் கால் அடித்து மண்டியின் முன்னறையில் போட்டிருக்கிறார். வருகிறவர்கள் உட்காருகிறார்கள். எங்கள் பேரவைக்காரர்கள் மூவர் அதில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"ஒக்காருங்க சார்," என்றார் என்னைப் பார்த்து. நின்றுகொண்டே ரசீதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மலையில் இப்போது கார் வாசல் வரைக்கும் போகிறது. யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கீழே வருவதற்கு ஏறுகிற பெண்கள், அந்த ஊர் மட்டுமல்ல, சுற்றியுள்ள எந்த ஊரானாலும், பையோடு ஒரு பாயையும் சுருட்டி எடுத்து வருகிறார்கள். சீட்டு மாற்றியாயிற்று என்று ஸ்டெல்லா சொல்லிப் பார்த்தாள். "தெரியும் நர்சம்மா" என்கிறார்கள். புதிதாகப் போட்ட சீட்டின்மேல் தங்கள் பாயை விரித்து, ஓரத்தை இழுத்துச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் உட்காருகிறார்கள்.